சாவி யாரிடம் இருக்கிறது?

2024 தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் வீட்டு உரிமையாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு டப்பா பாயசம். அதைக் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறான், கீழ் வீடு அவர்களுக்கு வேண்டும், ஆடி பிறப்பதற்குள் காலி செய்து தந்தால் உதவியாக இருக்கும். ஒன்பது ஆண்டுகள் நாங்கள் குடியிருந்த வீடு அது. மூன்று மாத அவகாசம் கொடுத்து, முகம் பார்த்துச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

எங்கள் தேவை பெரிதல்ல. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பத்துப் படிக்கு மேல் ஏற முடியாது. ஆகவே தரைத்தளம், இல்லையென்றால் லிஃப்ட். மகன் எட்டாம் வகுப்பு, பள்ளி சென்னை நங்கநல்லூரில். கணவருக்குப் பரங்கிமலை ரயில் நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். வாடகை 18,000 ரூபாய், இழுத்துப் பிடித்தால் 20,000. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம் என்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தோம்.

மூன்று மாதம் தாராளம் என்றுதான் நினைத்தேன். அதில் ஏறக்குறைய ஏழு வாரம், வீட்டுத் தரகர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததிலேயே கரைந்துபோனது. வீடு கிடைக்காததைவிட அந்தக் காத்திருப்புதான் எங்களை வாட்டியது. இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஏழு வாரத்தில் நாலு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகனின் பழைய கணக்கு நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். யாரிடம் பேசினேன், எந்தத் தேதி, எந்த வீடு, என்ன சொன்னார், திரும்பக் கூப்பிட்டாரா. மொத்தம் 14 தரகர்கள். அவர்களில் நேரில் வந்து வீட்டைத் திறந்து காட்டியவர்கள் ஐந்து பேர். மற்ற ஒன்பது பேரும் முதல் நாள் மிக அன்பாகப் பேசியவர்கள். அதிலும் இரண்டு பேர் நான் கேட்காமலேயே ஏழெட்டுப் படங்களை அனுப்பி, நாளையே காட்டுகிறேன் என்று சொன்னவர்கள். மறுநாள் அழைத்தால் மணி முழுதாக அடித்து ஓயும். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கும், பதில் இருக்காது.

முதலில் எனக்குத் தோன்றியது, நான் ஏதோ தவறாகப் பேசிவிட்டேன் என்பதுதான். வாடகையைக் குறைத்துக் கேட்டது பிடிக்கவில்லையோ, அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னதில் தயங்கிவிட்டாரோ என்று இரவில் யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த யோசனை எவ்வளவு வீண் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு ஒன்று இருக்கிறது, காலை 10 மணிக்கு வாருங்கள் என்றார் ஒரு தரகர். அம்மாவும் பார்க்கட்டும் என்று ஆட்டோ வைத்து அழைத்துப்போனேன். 10.30க்கு அழைத்தபோது பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றார். 11.15க்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. 11.40க்குப் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆட்டோவை அனுப்பியாகிவிட்டது. நிழல் என்று சொல்ல அந்தத் தெருவில் எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையின் தகரக் கூரை மட்டும்தான். கடைக்கார அம்மா உள்ளேயிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப்போட்டு அம்மாவை உட்காரவைத்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டவரிடம் எதிர்வீட்டைக் காட்டினேன்.

"அந்த வீடா? அதற்கு ஆள் வந்து ஒரு வாரம் ஆகிறதே" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். முதல் மாடிக் கம்பியில் சிறு குழந்தையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. தரைத்தள ஜன்னலில் புதுத் திரை. வாசலில் அன்று காலை போட்ட கோலம், மாவு இன்னும் கலையாமல். ஒன்றரை மணி நேரமாக நான் பார்த்துக்கொண்டே இருந்த வீடு அது. தரகரின் வார்த்தை காதில் இருந்ததால், கண் முன்னால் இருந்த கோலத்தை நான் பார்க்கவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில், ஆட்டோவில் இரண்டு கைகளாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான், இனி ஒருவருடைய "இதோ வருகிறேன்" என்ற சொல்லை நம்பி அம்மாவை வீட்டிலிருந்து கிளப்பமாட்டேன் என்று முடிவுசெய்தேன். முதலில் நான் போய்ப் பார்ப்பது, தரகர் வாசலில் நிற்கிறாரா என்று உறுதிசெய்வது, பிடித்திருந்தால் மட்டுமே அம்மாவை அழைப்பது.

அந்தக் கடைக்கார அம்மா இன்னொரு விஷயத்தையும் சொன்னார். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கையால் தொட்டுக் காட்டினார். சுற்றுச்சுவரில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. தரைத்தளம் வேண்டும் என்று தேடுபவர்கள் இந்தக் கோட்டைத் தேடிப் பார்க்கவேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கங்களில் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. எந்தத் தரகரும் இதைத் தானாகச் சொல்லமாட்டார். தெருவில் கடை வைத்திருப்பவர் கேட்டால் சொல்வார்.

தரகர்களின் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு தரகர்தான். ஆதம்பாக்கத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழில் செய்யும் பெரியவர். பழைய டி.வி.எஸ். மொபெட்டில் வருவார். அவர் காட்டிய இரண்டு வீடுகளும் எங்களுக்குச் சரிப்படவில்லை. ஒன்றில் குளியலறைக்கு இறங்க உயரமான படி, மற்றொன்றில் வாடகை 24,000. இனி இந்தப் பட்ஜெட்டில் தரைத்தளம் என்னிடம் இல்லை, வேறு யாரிடமாவது பாருங்கள் என்று அவரே சொன்னார். அப்படிச் சொன்ன ஒரே தரகர் அவர். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மற்றவர்கள் ஏன் இதைச் சொல்வதில்லை, போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன்.

"வீடு எங்கே, வாடகை எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள் அம்மா. சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்" என்றார்.

பிறகு விளக்கினார். காலியாகும் ஒரு வீட்டைப் பற்றி உரிமையாளர் ஒருவரிடமோ இரண்டு பேரிடமோதான் சொல்கிறார். அவர்கள் தமக்குத் தெரிந்த தரகர்களுக்குப் படத்தை அனுப்புகிறார்கள். அவர்கள் இன்னும் பத்துப் பேருக்கு. ஒரே வீட்டின் படம் மாலைக்குள் முப்பது போன்களில் இருக்கிறது. சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. நாம் பேசும் தரகர் சங்கிலியின் மூன்றாவது கண்ணியாக இருந்தால், அவர் இரண்டாமவரைக் கேட்கவேண்டும், அவர் முதலாமவரைக் கேட்கவேண்டும். கமிஷனும் மூன்றாகப் பிரியும். அதற்குள் சாவி வைத்திருப்பவரே ஒரு குடும்பத்தை உள்ளே விட்டுவிட்டால், மூன்றாவது ஆளுக்கு அந்தச் செய்தி வந்துசேர நாலு நாள் ஆகும். வந்தாலும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்வதால் அவருக்குக் காசு இல்லை. வீடு முடிந்தால் ஒரு மாத வாடகை, முடியாவிட்டால் பெட்ரோல் செலவு கைநஷ்டம். இதுதான் அவர் பிழைப்பு. அதனால் இன்று கையில் சாவி இருக்கும் வீட்டுக்கு, இன்றே முடிவு சொல்லும் ஆளைத்தான் அவர் கூப்பிடுவார்.

இதைக் கேட்டபின் தரகர்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி தணிந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. "இல்லை" என்று ஒரு சொல் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அந்த ஒரு சொல் வந்திருந்தால் அம்மா அன்று அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கமாட்டார். பிழைப்பு கடினம் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. அந்தப் பெரியவருக்கும் அதே பிழைப்புதானே.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி மாறியது. வீட்டைப் பற்றி ஒருவர் சொன்னதும், சாவி உங்களிடம் இருக்கிறதா, உரிமையாளரிடம் இருக்கிறதா, வேறு ஆளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாவது கேள்வி, இந்த வீட்டுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? சாவி உள்ளவர் உடனே நேரம் சொல்வார். இல்லாதவர் பேச்சை மாற்றுவார், அல்லது ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார் என்பார். அவரை நோட்டில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிட்டு அடுத்தவரை அழைப்பேன். இரண்டு முறை அழைத்து எடுக்கவில்லையென்றால் மூன்றாவது முறை அழைப்பதில்லை. பதில் வராததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்ட நாளிலிருந்து இரவில் தூக்கம் வந்தது.

அழைக்கும் நேரமும் முக்கியம். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அவர்கள் வண்டியில் இருப்பார்கள், எடுக்கமாட்டார்கள். எட்டரை மணிவாக்கிலும், மாலை ஏழுக்கு மேலும் எடுத்தார்கள். வயதானவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியதைப் படிப்பதே இல்லை, பேசத்தான் வேண்டும். இளையவர்களுக்கு நேர்மாறு.

நம் பக்கத்திலும் ஒன்றைச் சரிசெய்யவேண்டியிருந்தது. நான் ஆரம்பத்தில் அனுப்பியது "வீடு இருக்கிறதா?" என்ற ஒற்றைக் கேள்விதான். அதை வைத்துக்கொண்டு அவர் உரிமையாளரிடம் என்ன பேசுவார்? எத்தனை பேர், என்ன வேலை, சைவமா அசைவமா, வண்டி எத்தனை என்று உரிமையாளர் கேட்கும் எதற்கும் அவரிடம் விடை இருக்காது. திரும்ப என்னைக் கேட்பதற்கு அலுத்துப்போய் விட்டுவிடுவார். பிறகு இப்படி ஒரு செய்தியை எழுதிவைத்துக்கொண்டேன்: "நாங்கள் நான்கு பேர்: கணவர், நான், மகன், அம்மா. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை. அசைவம் சமைப்போம். ஒரு ஸ்கூட்டர் உண்டு, கார் இல்லை. தரைத்தளம் அல்லது லிஃப்ட் அவசியம். வாடகை 20,000 வரை. அட்வான்ஸ் தயார். ஜூலை முதல் வாரம் குடிவர முடியும். சனி, ஞாயிறு எந்த நேரமும், மற்ற நாட்களில் மாலை 6க்கு மேல் பார்க்க வரலாம்." இதை அனுப்ப ஆரம்பித்தபின் பதில் வருவது கூடியது. வந்த பதில்களில் பாதி "இந்த வீடு சைவம் மட்டும்" என்பதாக இருந்தது. அதுவும் நல்லதே, ஒரு மாலை மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. என் அலுவலகத் தோழி இஸ்லாமியர். அதே மாதங்களில் அவளும் வீடு தேடிக்கொண்டிருந்தாள். தரகர் நன்றாகப் பேசுவார், படம் அனுப்புவார், பெயர் என்ன என்று கேட்பார். பெயரைச் சொன்னதும் சரி, கூப்பிடுகிறேன் என்பார். அதோடு சரி. வேண்டாம் என்று யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மௌனத்தின் பின்னால் உரிமையாளர் ஒளிந்துகொள்கிறார், உரிமையாளரின் பின்னால் தரகர் ஒளிந்துகொள்கிறார். பிறகு அவள் போன் எடுத்தவுடன் முதல் வரியிலேயே தன் முழுப் பெயரைச் சொல்லும் பழக்கத்துக்கு வந்துவிட்டாள். நாட்கள் மிச்சமாகின்றன என்றாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்ட எனக்குத்தான் தாங்கவில்லை. எனக்கு வந்த மௌனத்துக்குக் காரணம் சாவி; அவளுக்கு வந்த மௌனம் அப்படிப்பட்டதல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது.

வீடு தேடும் செயலிகளில் நேரத்தைக் கொஞ்சம் தொலைத்தேன். "நேரடி உரிமையாளர்" என்று போட்டிருக்கும், பேசினால் தரகராக இருப்பார். ஒரு விளம்பரத்தில் கூடத்தின் படம் மிக அழகாக இருந்தது. சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி தொங்கியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் இருந்த ஆண்டு 2022. இரண்டு வருடமாக அந்த வீடு காலியாக இருக்குமா? அந்தப் படம் எங்களைப் போன்றவர்களின் எண்ணைச் சேகரிக்கப் போட்ட தூண்டில். அதிலிருந்து, படத்தில் நாட்காட்டி, ஜன்னலுக்கு வெளியே மரம், பக்கத்துக் கட்டடம் ஆகியவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அழைப்பேன். இன்று எடுத்த காணொளி ஒன்று அனுப்புங்கள் என்று கேட்பது இன்னும் சுலபம். சாவி இல்லாதவரால் அதை அனுப்ப முடியாது.

பணம் ஒரே ஒருமுறை போனது. அலுவலகம் வைத்து நடத்தும் ஒரு தரகர், பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டினால் வீடு கிடைக்கும்வரை காட்டுவோம் என்றார். கட்டினேன். இரண்டு வீடுகளின் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டுமே முடிந்துபோனவை. பிறகு போனை எடுக்கவில்லை. முன்பணம் வாங்கியவருக்கு நம்மைக் கூப்பிடவேண்டிய அவசியம் அன்றே தீர்ந்துவிடுகிறது. கமிஷன் என்பது சாவி நம் கைக்கு வந்தபின் கொடுக்கவேண்டியது. வீட்டைப் பிடித்துவைக்க டோக்கன் கேட்டால், உரிமையாளரைச் சந்தித்து, சொத்து வரி ரசீதையும் மின் கட்டண அட்டையையும் பார்த்து, பெயர் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, அவருடைய வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பவேண்டும். ராணுவத்தில் இருப்பதாகவும் வெளியூரில் பணி என்றும் சொல்லிக்கொண்டு, கியூஆர் குறியை அனுப்பிப் பணம் போடச் சொல்லும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். பணம் வந்ததும் கூரியரில் வரும் என்றார். துண்டித்துவிட்டேன்.

இவர்கள்மேல் எங்காவது புகார் கொடுக்கலாமா என்று விசாரித்தேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி முகவர்கள் பதிவுசெய்துகொள்ளவேண்டும். ஆனால் அது பதிவான திட்டங்களில் மனை, அடுக்கக வீடு விற்பனை செய்பவர்களுக்கானது. வீடு வாங்குபவர்கள், முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வாடகைக்கு வீடு காட்டும் தரகரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அவருடைய வார்த்தைதான் நமக்கு எல்லாம். அதனால்தான் அந்த நோட்டு.

ஜூன் மாதம் பாதி போனபின் ஒரு மாலை, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு நானும் மகனும் நடக்க ஆரம்பித்தோம். ஆதம்பாக்கத்திலிருந்து நங்கநல்லூர் வரை ஒரு நாளைக்கு நாலு தெரு. டு-லெட் போர்டு தொங்கும் வீடுகள் நான் நினைத்ததைவிடக் குறைவு. பல உரிமையாளர்கள் போர்டே வைப்பதில்லை, தொந்தரவு என்று. ஆகவே போர்டைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவது மேல் என்று புரிந்தது. பால் பாக்கெட் போடுபவர், அடுக்ககத்துக் காவலாளி, தண்ணீர் கேன் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர். தெருவில் எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது இவர்களுக்கு உரிமையாளர் சொல்லாமலேயே தெரியும்.

நங்கநல்லூரில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. அறுபது வயதுக்காரர், கரி போட்ட பெரிய பெட்டி. துணி மூட்டைகளை வீட்டு வீட்டாகப் பிரித்து அடுக்கியிருந்தார். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துண்டு அட்டை, அதில் கதவு எண். அண்ணா, இந்தப் பக்கம் தரைத்தள வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, யாருக்கு, எத்தனை பேர் என்று கேட்டார். அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழாம் நம்பரிலிருந்து துணி வந்து இருபது நாள் ஆகிறது அம்மா" என்றார்.

அந்த வீட்டைக் கைகாட்டினார். பச்சைக் கேட், வாசலில் நந்தியாவட்டைச் செடி. எனக்குத் திக்கென்றது. அந்தப் பச்சைக் கேட்டின் படம் என் போனில் ஏற்கெனவே இருந்தது. இரண்டு தரகர்கள் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் வாடகை 22,000 என்றார், மற்றவர் 20,000 என்றார். ஓனரிடம் சாவி இருக்கிறது, இரண்டு நாளில் காட்டுகிறேன் என்று சொன்னவர்கள் அதன்பின் போனை எடுக்கவே இல்லை. உரிமையாளர் யார் என்று இஸ்திரிக்கார அண்ணாவிடம் கேட்டேன். வயதான அம்மா, கும்பகோணத்தில் மகளோடு இருக்கிறார் என்றார். சாவி அவரிடமா என்றேன்.

அவர் வண்டிக்கு அடியில் குனிந்தார். கரித் தூள் படிந்த பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். அதற்குள் ரசீதுகள், ஒரு விபூதிப் பொட்டலம், சிவப்புக் கயிற்றில் கட்டிய இரண்டு சாவிகள்.

"என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல குடும்பம் வந்தால் காட்டு என்றார்கள். புரோக்கர்கள் வந்தால் தரவேண்டாம் என்றும் சொன்னார்கள்" என்றார்.

அன்று இரவே கும்பகோணத்துக்குப் பேசினேன். வாடகை 18,000. அட்வான்ஸ் ஆறு மாதம் என்றார் அந்த அம்மா. சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாதம் என்பதே வழக்கமாக இருந்ததால் ஆறு மாதம் அவருக்குக் குறைவாகத் தோன்றியிருக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் விட்டிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னேன், வாதாடவில்லை. நான்கு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வரவேண்டும் என்பதையும், எந்தப் பழுது யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். மின் மீட்டர் எங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையைத் தமக்கு வைத்துக்கொண்டு, வாடகைக்கு இருப்பவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் உரிமையாளர்கள் உண்டு. ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்தில் பதிவுசெய்யவேண்டும் என்றதும் அவர் மகளே முன்னின்று செய்தார்.

ஆனி கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை பால் காய்ச்சினோம். இஸ்திரிக்கார அண்ணாவுக்குக் கமிஷனாக எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பேச்சு வேண்டாம் என்றார். வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு 2,001 ரூபாய் தட்டில் வைத்து அம்மா கொடுத்தபோதுதான் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ஆடி பிறந்தது. மூன்றாம் நாளிலிருந்து என் போன் அடிக்க ஆரம்பித்தது. மேடம், தரைத்தளம் கேட்டீர்களே, இரண்டு வீடு கையில் இருக்கிறது, இன்றே பார்க்கலாம் என்று ஒருவர். அம்மாவை வெயிலில் உட்காரவைத்தவரும் கூப்பிட்டார். பள்ளி திறக்கும் நேரமும் ஆடிக்கு முன்னால் மாறிவிடவேண்டும் என்ற அவசரமும் சேர்ந்து வைகாசியிலும் ஆனியிலும் ஒரு வீட்டுக்கு இருபது பேர் நிற்கிறோம். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. வீடும் காலியாக நிற்கும், தரகரும் சும்மா இருப்பார். மார்கழியிலும் இதே கதைதான். அவகாசம் உள்ளவர்கள் ஆடியில் வீட்டைப் பார்த்து வாடகையைப் பேசி முடித்து, ஆவணியில் குடிபோகலாம். பேரத்துக்கும் அதுவே நல்ல காலம். எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

பச்சைக் கேட் படத்தை அனுப்பிய இருவரில் ஒருவர் மட்டும் ஆகஸ்டில் அழைத்து, அது நான் காட்டிய வீடு, கமிஷன் வரவேண்டும் என்றார். நோட்டை எடுத்து, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்து காட்டினீர்கள் என்று கேட்டேன். படம் அனுப்பினேனே என்றார். நான் அழைத்த நான்கு தேதிகளையும் வாசித்துக் காட்டினேன். பிறகு அவர் அழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் எங்கள் மாடி வீடு காலியானது. கும்பகோணத்து அம்மா சாவியை என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டில் மகன் எழுதிய டு-லெட் அட்டை, அதில் என் எண். எட்டு நாளில் ஐம்பதுக்கு மேல் அழைப்புகள். சமைக்கும்போது வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். எடுக்க முடியாமல் போனவற்றை இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டேன். மாடிப்படி இருபத்திரண்டு, தண்ணீர் காலை ஆறுக்கு, சாவி என்னிடம் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள்?

ஒன்பதாவது நாள் ஒரு இளம் தம்பதி முன்பணம் கொடுத்தார்கள். அன்று மாலையே அட்டையைக் கழற்றினேன். அழைத்தவர்களின் எண்களையும் நோட்டில் குறித்திருந்தேன்; அவர்களில் அதுவரை வீடு பார்க்க வராத பதினொரு பேருக்கும் ஒரே வரியில் செய்தி அனுப்பினேன்: "வீடு முடிந்துவிட்டது, வேறு இடம் பாருங்கள்." ஒருவர் உடனே திரும்ப அழைத்தார். தாம்பரத்திலிருந்து, மனைவிக்கு ஏழாம் மாதம், படி ஏறக் கூடாது என்பதால் தரைத்தளமும் தேடுவதாகச் சொன்னார். நாளை மாலை வேப்பமரத்தடிக்கு வாருங்கள், இஸ்திரி போடும் அண்ணாவைக் கேட்போம் என்றேன்.